'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' முதல் சுற்றிலேயே வெளியே போனது பற்றி

எங்கள் குழுவில் இப்போது பிரிட்டனின் பங்க் ராக் பேண்ட் த கிளாஷின் பாடல்களுக்கு நாக் அவுட் நடக்கிறது. 64 பாட்டு, சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பது, ஒரு நாள் ஓட்டு, தோற்ற பாட்டு வெளியே. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1985-ல் 64 அணிகளை வைத்து இதே மாதிரி கட்டம் போட ஆரம்பித்தார்கள், அதிலிருந்து எடுத்ததுதான். மொத்தம் ஆறு சுற்று, 63 மோதல். ஒரே ஒரு பேண்டிலிருந்து 64 பாட்டா என்று கேட்காதீர்கள், 1980-ல் வந்த 'சாண்டினிஸ்டா' மூன்று தட்டு ஆல்பத்தில் மட்டும் 36 இருக்கிறது. (அதில் பாதி இந்தப் பக்கமே வந்திருக்க வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், சொல்லிவிட்டேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் சுற்றுக் குலுக்கலில் 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ'வுக்கு எதிராக விழுந்தது 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. பெரிய வித்தியாசத்தில் தோற்றது. நேற்றிலிருந்து "மக்கள் தீர்ப்பு, ஏத்துக்கோங்க" என்று கமெண்டில் நக்கல் வேறு. முடிவை ஏற்றுக்கொள்கிறேன், ஓட்டு ஓட்டுதான். ஆனால் அது அந்தப் பாட்டைப் பற்றிய தீர்ப்பு என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

ஏனென்றால் இந்த இரண்டு பாட்டும் மோதுவது இது முதல் முறை இல்லை. 1982-ல் பிரிட்டனில் இவை ஒரே சிங்கிள் தட்டின் இரண்டு பக்கங்களாக வந்தன. இரண்டுமே ஏ பக்கம், அதாவது இது பெரியது அது சின்னது என்று கம்பெனியே பிரிக்கவில்லை. அந்தத் தட்டு அப்போது விற்பனைப் பட்டியலில் 17-ஆம் இடம் வரை போனது. அப்புறம் 1991-ல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துக்கு 'ஷுட் ஐ ஸ்டே'யை எடுத்தார்கள், தட்டை மறுபடி வெளியிட்டார்கள், முதலிடம் போனது. பேண்ட் கலைந்து ஐந்தாறு வருஷம் ஆன பிறகு அவர்களுக்குப் பிரிட்டனில் கிடைத்த ஒரே முதலிடம் அது. அந்த மறுவெளியீட்டில் பின்பக்கம் என்ன தெரியுமா? 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' இல்லை. கிளாஷ் கிட்டார்காரர் மிக் ஜோன்ஸ் பிறகு ஆரம்பித்த பேண்டின் பாட்டை அங்கே வைத்துவிட்டார்கள். ஆக இந்த நாக் அவுட்டை 1991-லேயே ஒரு ஜீன்ஸ் விளம்பரம் நடத்தி முடித்துவிட்டது. 2016-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் வந்து இன்னொரு தலைமுறைக்கும் அதே பாட்டைக் காதில் போட்டது. நாம் நேற்று செய்தது அந்த முடிவுக்குக் கையெழுத்துப் போட்டதுதான்.

'ஷுட் ஐ ஸ்டே' மோசமான பாட்டு என்று நான் சொல்லவில்லை. முதல் மூன்று நொடியில் யாரையும் எழுப்பி உட்கார வைக்கும் கிட்டார் அது. பிரச்சினை அந்த மூன்று நொடியிலேயே இருக்கிறது. நாக் அவுட்டில் ஓட்டுப் போடுகிறவர் இரண்டு தலைப்பையும் பார்க்கிறார், எது மனதுக்குள் முதலில் ஓடுகிறதோ அதை அழுத்திவிட்டு நகர்கிறார். 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' அப்படி ஓடாது. பல்லவி வந்து கத்துகிற பாட்டு இல்லை அது. ட்ரம்ஸ்காரர் டாப்பர் ஹெடன் அதில் வாசிப்பது ராக் தாளமே இல்லை, போசா நோவா என்ற பிரேசில் இசைப் பக்கமாக நழுவும் ஒரு அடி. மேலே மங்கலான கிட்டார், பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பாடுகிறாரா முனகுகிறாரா என்று தெரியாத குரல். முதலில் பதிவு செய்தபோது ஏழு நிமிஷத்துக்குப் பக்கம், ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் க்ளின் ஜான்ஸ் ஐந்தரைக்கு வெட்டினார். ஒரு சரணத்தில் எஃகு ஆலைகள் துருப்பிடிக்கும் இங்கிலாந்து ஊர்களில் வந்தேறிகளைப் பார்த்துப் போ என்று சொல்கிறார்கள், இன்னொன்றில் வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த பிள்ளை அப்பாவைத் தேடுகிறது. இதை உட்கார்ந்து கேட்காமல் எடை போடவே முடியாது.

தமிழர்களான நமக்கு இந்தப் பாட்டு தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதில் ஆரம்பம் முதல் சுற்றிச் சுற்றி வருவது 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' இசைதான், கிளாஷ்காரர்கள் பெயரும் அந்தப் பாட்டின் ஆசிரியர் வரிசையில் இருக்கிறது. எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறு வயதைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பியவர். அமெரிக்க விசா கிடைக்காமல் இழுத்தடிக்கப்பட்ட எரிச்சலில் எழுதிய பாட்டு அது. வந்தேறிகளைத் துரத்துவதைப் பற்றிய ஒரு பாட்டை, அப்படித் துரத்தப்படுகிறவர்களில் ஒருத்தர் கையில் எடுத்து 2008-ல் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடத்துக்குக் கொண்டுபோனார். தாய்ப்பாட்டு முதல் சுற்றில் காலி! எங்கள் குழுவிலேயே 'பேப்பர் பிளேன்ஸ்' ரிங்டோன் வைத்திருந்த ஆள் எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டிருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

இதைப் படித்துவிட்டு "ஹிட் பாட்டு எப்பவும் ஜெயிக்கும், அதானே" என்று முடிவு கட்டாதீர்கள். அதற்கு நேர் எதிரானதும் அதே வாரத்தில் நடந்தது. 'ராக் த காஸ்பா' ஒரு சாதாரண ஆல்பம் பாட்டிடம் தோற்றது. அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை போன பாட்டு, அங்கே அவர்களின் மிகப் பெரிய ஹிட். அதுதான் அதன் குற்றம். "பார்ட்டி பாட்டு, 77-இல் வந்த கிளாஷ்தான் கிளாஷ்" என்று ஒரு கூட்டம் இருக்கிறது, முதல் ஆல்பத்துக்குப் பிறகு வந்த எதையும் துரோகம் என்று பார்க்கிற கூட்டம். அவர்கள் ஓட்டு பாட்டுக்கு விழுவதில்லை, தாங்கள் எப்படிப்பட்ட ரசிகர்கள் என்று காட்டிக்கொள்வதற்கு விழுகிறது.

'ராக் த காஸ்பா' உண்டான கதையைச் சொல்கிறேன். மற்றவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்வதற்குள் டாப்பர் ஹெடன் தனியாக உட்கார்ந்து பியானோ, பேஸ், ட்ரம்ஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிந்துவைத்தார். ஸ்ட்ரம்மர் வார்த்தை எழுதினார். பாட்டு 1982-ல் சிங்கிளாக வந்தபோது டாப்பர் பேண்டிலேயே இல்லை, ஹெராயின் பழக்கம் முற்றிப்போய் வெளியே அனுப்பியிருந்தார்கள். வீடியோவில் அவர் இசைக்கு ட்ரம்ஸ் அடிப்பதுபோலத் தெரிகிறவர் அவர் இடத்துக்கு வந்த டெரி சைம்ஸ். இவ்வளவு துயரம் அடியில் கிடக்கிற பாட்டை "பார்ட்டி பாட்டு" என்று தள்ளிவிட்டீர்கள் மகராசன்களே.

இரண்டு தோல்வியிலும் நடந்தது ஒன்றுதான். யாரும் கேட்கவில்லை. ஒன்றில் பழக்கம் ஓட்டுப் போட்டது, இன்னொன்றில் வீம்பு போட்டது.

"ஓட்டெடுப்பே பங்க்குக்கு விரோதம், கலையில் என்ன போட்டி" என்று ஒரு நண்பர் தத்துவம் பேசினார். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. கிளாஷ் ரசிகர்கள் காசு கொடுத்தே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். 'பேங்க்ராபர்' பாட்டை பிரிட்டனில் வெளியிட அவர்களின் இசைத்தட்டுக் கம்பெனி சி.பி.எஸ். தயங்கியது. ரசிகர்கள் ஹாலந்தில் வந்த தட்டை இறக்குமதிக் கடைகளில் தேடி வாங்கினார்கள், அது விற்கிற வேகத்தைப் பார்த்துத்தான் 1980-ல் கம்பெனி இறங்கிவந்தது. 12-ஆம் இடம் வரை போனது. பேண்டோ 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்ற டிவி பாட்டு நிகழ்ச்சிக்கு வரவே மாட்டோம் என்று பிடிவாதம், அதனால் டிவியில் அந்தப் பாட்டுக்கு நடனக் குழுவை ஆடவிட்டார்கள். அந்த ரசிகர்கள் தேடிப் போய், காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துக் கேட்டவர்கள். அது ஓட்டு.

நாக் அவுட் என்ற முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆலிஸ் கதைகள் எழுதிய லூயிஸ் கரோல் கணக்கு வாத்தியார், 1883-ல் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். நாக் அவுட் முதல் பரிசை வேண்டுமானால் சரியாகக் கொடுக்கும், இரண்டாம் பரிசைக் கொடுக்கத் தெரியாது என்பது அவர் வாதம். இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் முதல் சுற்றிலேயே முதல்வரிடம் மாட்டினால் அவர் கதை அங்கேயே முடிந்தது. பாட்டில் நிலைமை இன்னும் மோசம், முதல் பரிசுக்கே உத்தரவாதம் இல்லை. 'ஜேனி ஜோன்ஸ்' 'ஸ்பானிஷ் பாம்ப்ஸை' வெல்லும், 'ஸ்பானிஷ் பாம்ப்ஸ்' 'ட்ரெயின் இன் வெய்னை' வெல்லும், 'ட்ரெயின் இன் வெய்ன்' திரும்பி வந்து 'ஜேனி ஜோன்ஸை' வெல்லும். இப்படி வட்டமாகப் போகும் என்று 1785-லேயே பிரான்சில் கோண்டோர்சே என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்த வட்டத்தில் யார் கோப்பை வாங்குவது என்பதைக் குலுக்கிப் போட்ட சீட்டுதான் முடிவு செய்கிறது.

அதற்காக நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு இறுதிப் போட்டியில் சுத்தமாக ஆர்வம் இல்லை, 'லண்டன் காலிங்'கும் 'ஒயிட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பாலே'யும் வரும், அடித்துக்கொள்வோம், ஒன்று ஜெயிக்கும். ருசி எல்லாம் கீழ்ச் சுற்றுகளில்தான். ஆல்பம் உறையில் பெயர்கூட அச்சாகாத பாட்டு 'ட்ரெயின் இன் வெய்ன்', உறை அச்சுக்குப் போன பிறகு கடைசியில் சேர்த்தது. அதற்கு ஓட்டுக் கேட்டு ஒரு தம்பி எழுதிய பத்தி இந்தப் போட்டியிலேயே சிறந்த விஷயம். அந்தப் பத்தி நாலு பேரை மறுபடி கேட்க வைத்தது, பாட்டு தப்பித்தது.

அட்மினிடம் ஒரே கோரிக்கை. ஓட்டுப் பதிவில் இரண்டு பாட்டின் இணைப்பையும் மேலே போடுங்கள், ஓட்டுப் பெட்டியை ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். கேட்காமல் போடுகிறவர்களைத் தடுக்க முடியாதுதான், ஆனால் காத்திருக்கும் நேரத்தில் பாதிப் பேராவது ப்ளே அழுத்துவார்கள்.

நாளைக்கு 'கம்ப்ளீட் கண்ட்ரோல்' எதிர் 'த கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. கம்பெனி தங்களைக் கேட்காமல் ஒரு சிங்கிள் விட்ட கோபத்தில் எழுதி, அந்தக் கம்பெனி வழியாகவே வெளியிட்ட பாட்டு முதலாவது, தயாரிப்பு ஜமைக்காவின் லீ பெர்ரி. இரண்டாவது பேண்டின் பேஸ் கிட்டார்காரர் பால் சிமனன் எழுதிப் பாடியது, பேஸ் கிட்டார்தான் அதில் எல்லாம். என் ஓட்டு சிமனனுக்கு. ஏன் என்று கமெண்டில் சண்டைக்கு வாருங்கள், ஆனால் இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள்.