தொகை என்றால் பலர் பாடியதுதானா?

ஒரு கவிதைப் புத்தகத்தின் அட்டைப்படத்தைப் பகிர்ந்த பதிவுக்குக் கீழே நேற்று வந்த கருத்துகளைப் பார்த்திருப்பீர்கள். முதல் புத்தகம் போடும் ஒரு பெண், தான் ஒருவரே எழுதிய கவிதைகளுக்குக் 'கவிதைத் தொகை' என்று அச்சிட்டுவிட்டாராம். "பலர் பாடியதைத் திரட்டினால்தான் தொகை, எட்டுத்தொகைகூடத் தெரியாதா?" என்று எத்தனை பெரியவர்கள்! மனசு ஆறவே இல்லை.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தைத் திறந்து பாருங்கள். தொகைநிலைச் செய்யுள் என்பது 'ஒருவர் உரைத்தவும் பல்லோர் பகர்ந்தவும்' என்றுதான் இருக்கிறது. ஒருவர் உரைத்ததற்கு அந்நூலின் உரை காட்டுவது திருக்குறளை. பல்லோர் பகர்ந்ததற்கு நெடுந்தொகையை, அதாவது அகநானூற்றை. அடுத்து, எதை வைத்துக் கூட்டினார்கள் என்று பிரிக்கிறது. பொருளால் புறநானூறு, இடத்தால் களவழி நாற்பது, காலத்தால் கார் நாற்பது, பாட்டால், அதாவது பா வகையால் கலித்தொகை, அடி அளவால் குறுந்தொகை. களவழியும் கார் நாற்பதும் தனித்தனியே ஒரே புலவர் பாடியவைதானே? தலையை எண்ணியா தொகை என்றார்கள்?

கூட்டியதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அதுதான் தொகை. அகநானூற்றில் பாட்டின் எண்ணே திணையைச் சொல்லும்: ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருபவை நெய்தல். 400 பாட்டுக்கும் இதே கணக்கு. ஒரு பாட்டு இடம் மாறினால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

'தொகுப்பு என்று போட்டிருக்கலாமே' என்பீர்கள். போட்டிருக்கலாம், இன்றைய வழக்கு அதுதான். வழக்கில் இல்லாததைப் பிழை என்று சொல்லி ஒருவரைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தலாமா? 'எட்டுத்தொகை பலர் பாடியதுதானே' என்பவர்களுக்கு: அது அந்த நூல்களின் இயல்பு. சொல்லுக்கு அது வேலி ஆகாது.

இவ்வளவு கறாரானவர்கள் கேட்க வேண்டியதை ஏன் கேட்பதில்லை? கெட்டி அட்டையில் 'முழுத் தொகுப்பு' என்று வருகிறது. எந்தக் கதை எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது என்று ஒரு வரி கிடையாது. இதழில் வந்த வடிவமா, ஆசிரியர் பிறகு நூலுக்காகத் திருத்திய வடிவமா என்பதும் இல்லை. அதனால்தான் தலைப்பு மாறிய ஒரே கதை இரண்டு முறை உள்ளே வந்துவிடுகிறது. கிடைக்காமல் போனவை எவை என்று சொல்லாமலே 'முழு' என்று போடுகிறார்கள். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று இன்றும் சொல்ல முடிகிறது. இப்போது வரும் நூல்கள் பலவற்றில் தொகுத்தவர் பெயரே இல்லை. அந்த அட்டைகளுக்குக் கீழே மட்டும் 'வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டுப் போகிறீர்கள்.