பியானோவை எடைக்குப் போட்டுவிட்டார்கள்

எடைக்குப் போட்டுவிட்டார்கள். மகள் படிக்கும் பள்ளியின் கூட்டரங்கில் தலைமுறை தலைமுறையாக நின்றிருந்த பியானோவைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கீபோர்டை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு ரிப்பன் வெட்டு, பெற்றோர் கூட்டம், கைதட்டல் எல்லாம் வேறு. எனக்கு வயிறு எரிகிறது.

தாளாளருக்கு ஒரே பூரிப்பு. "பியானோவில் ஒரே ஒரு சத்தம்தானே அம்மா, இதில் நூற்றுக்கும் மேல் இருக்கிறது" என்று ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினார். புல்லாங்குழல். வயலின். பறவை. டெலிபோன் மணி. ஹெலிகாப்டர். ஆமாம், ஹெலிகாப்டர்! மின்னணு வாத்தியங்களுக்கெல்லாம் பொதுவாக 1991இல் வகுத்த ஜெனரல் மிடி என்ற ஒலிப் பட்டியலில் உள்ள 128 ஒலிகளில் 126ஆவது அது. 127 கைதட்டல், 128 துப்பாக்கிச் சூடு. அந்தத் துப்பாக்கியையும் சுட்டுக் காட்டினார். பெற்றோர்கள் சிரித்தார்கள். என் பெண் எதற்காக ஐயா ஹெலிகாப்டர் வாசிக்க வேண்டும்?

அதோடு விட்டார்களா? "பாப்பா, நீ ஏதாவது வாசி" என்று அவளையே மேடைக்கு அழைத்தார்கள். மாதக்கணக்கில் அவள் பழகிக்கொண்டிருந்தது பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா' முதல் பகுதி. தொடக்கத்திலேயே இடது கை ஆழமான ஸ்வரத்தில் இறங்க வேண்டும். இறங்கினாள். விரல் பட்டதுதான் தாமதம், கீபோர்டு தன் பாட்டுக்கு டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டது! சற்று முன் தாளாளர் காட்டிய தானியங்கித் தாளத்தை யாரும் அணைக்கவில்லை. இடது பக்கம் எந்தக் கட்டையைத் தொட்டாலும் அது கிளம்பிவிடுமாம். டும் டும் என்று டிஸ்கோ. குழந்தை கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பாட்டு ஆசிரியை ஓடிவந்து தேடித் தேடி அதை அணைத்தார்.

மறுபடி ஆரம்பித்தாள். இசைக்குறிப்பின் இரண்டாவது கட்டத்தில் இடது கை இன்னும் ஒரு ஸ்வரம் கீழே போக வேண்டும். போனது. அங்கே கட்டை இல்லை. பிளாஸ்டிக் விளிம்புதான் இருந்தது. பியானோவுக்கு 88 கட்டைகள், இதற்கு 61. சுண்டுவிரல் அந்த விளிம்பில் முட்டி நின்றதை நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது கட்டத்திலேயே பாட்டு முடிந்துபோயிற்று. அப்படியும் விடாமல், ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசித்தாள் பாவம். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம். விரலை எடுத்தால் ஒலி பட்டென்று அறுந்துபோகிறது. அந்தப் பகுதி முழுவதும் ஒலி கலந்து நிற்க வேண்டும் என்று பீத்தோவனே எழுதிவைத்திருக்கிறார். அதற்குக் காலால் அழுத்தி ஒலியை நீட்டும் பெடல் வேண்டும். பெடல் எங்கே என்றால், அது தனி விலையாம், வாங்கவில்லையாம்! கடைசி வரிசையில் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, தாளாளர் நடந்துவந்து, குழந்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் குமிழ்தான் என்னை இன்னும் தூங்கவிடவில்லை. பியானோ என்ற வாத்தியம் பிறந்ததே அந்த வேலையை விரலிடம் ஒப்படைப்பதற்காகத்தான். அதற்கு முன் இருந்த, கம்பியை மீட்டி ஒலிக்கும் ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்தில் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கூடாது, குறையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோபோரி என்ற வாத்தியக் கலைஞர் கம்பியை மீட்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டும் பொறியைச் செய்தார். விரல் கட்டையில் இறங்கும் வேகம்தான் சுத்தியலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பெடலை அழுத்திக்கொண்டு இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளில் ஒன்றைத் தட்டினால், அதனோடு ஒத்துப்போகும் மற்றவையும் கூடவே அதிர்கின்றன. இதைக் குழந்தையின் விரல்தான் பழகிப் பழகிக் கற்றுக்கொள்ள வேண்டும். முந்நூறு ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறோம், அதற்கு நவீனமயம் என்று பெயர்.

சுருதி சேர்க்க ஆள் கிடைக்கவில்லையாம், சென்னையின் ஈரப்பதத்தில் கம்பி துருப்பிடிக்கிறதாம், கரையான் வருகிறதாம். வரத்தான் செய்யும். பெட்டிக்குள் ஒரு சிறு பல்பை எரியவிட்டு ஈரத்தை விரட்டியும், ஆண்டுக்கு இருமுறை சுருதி சேர்த்தும் இதே ஊரில் எத்தனையோ வீடுகளில் பியானோவைக் காப்பாற்றி வருகிறார்கள். நுழைவாயிலில் கிரானைட் வளைவு கட்டப் பணம் இருந்ததே? சரி, பியானோ செத்தே போனது என்று வைத்துக்கொள்வோம். 88 கட்டைகளும், விரலுக்குக் கனம் தெரியும் அமைப்பும் உள்ள டிஜிட்டல் பியானோ கடையில் கிடைக்கிறதே, அதையாவது வாங்கினார்களா? லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில்கூட பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறு பாடத்திட்டம். இரண்டும் வேறு வேறு வாத்தியங்கள் என்று தேர்வு நடத்துகிறவர்களுக்குத் தெரிகிறது, பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியவில்லை. கட்டணச் சீட்டில் மட்டும் இன்னும் "பியானோ வகுப்பு" என்றே அச்சடித்து, முழுத் தொகையும் வாங்குகிறார்கள்.

அந்தக் கட்டணத்தையும் கையில் வாங்க மாட்டார்கள். இணையத்தில்தான் கட்ட வேண்டும், அதற்குத் தனியாக ஒரு சேவைக் கட்டணம். போன முறை பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ரசீது வரவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள், வங்கியில் கேட்டால் பள்ளியைக் கேளுங்கள் என்கிறார்கள். இன்றைக்கு அபராதத்தோடு நினைவூட்டல் வந்திருக்கிறது!