குட்டிக்குத் தினம் 100 மில்லி எண்ணெயா?

ஒருவர் “வளரும் செம்மறிக் குட்டிக்குத் தினம் 100 மில்லி சூரியகாந்தி எண்ணெய் கொடுங்கள், எடை மளமளவென ஏறும்” என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எண்ணெயில் மாவுச்சத்தைப்போல இரண்டேகால் மடங்கு எரிசக்தி உண்டு, சரி. ஆனால் ஆடு அசைபோடும் பிராணி. அதன் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிப்பவை நுண்ணுயிரிகள். எண்ணெய் கூடினால் அது நார்மேல் படலமாகப் படியும், சூரியகாந்தி எண்ணெயில் அதிகமுள்ள நிறைவுறாக் கொழுப்பு அந்த நுண்ணுயிரிகளையே முடக்கும். அப்புறம் குட்டி தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், புழுக்கை இளகிப்போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ குட்டி தினம் உலர் எடையில் (தீவனத்தின் ஈரத்தைக் கழித்த எடையில்) சுமார் 800 கிராம் தின்னும். மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்துக்குள், அதாவது 48 கிராமுக்குள் இருப்பது நல்லது. தீவனத்திலேயே ஏறக்குறைய பாதி வந்துவிடும். மிச்சம் 25 கிராம்கூட இல்லை. அவர் சொல்வதோ 90 கிராமுக்கு மேல்!

கொடுப்பதானால் அடர்தீவனத்தில் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) பிசிறி, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாயில் ஊற்றவே வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போனால் குட்டி பிழைப்பது கஷ்டம். இறைச்சியில் ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பு அதிகமாக ஆளிவிதை எண்ணெய் உதவும், உண்மைதான். அது வேறு விஷயம், எடைக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.