உருகினா தண்ணிதானே?

நேற்று ராத்திரி நேரலையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த நாற்பது நொடித் துண்டு எப்படியும் வாட்ஸப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. துருவக் கடலில் பனிக்கு அடியில் வளரும் பாசியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன், நெறியாளர் "மேடம், ஐஸ் ஐஸ்தான், உருகினா தண்ணிதானே?" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், என் மைக்கை அணைத்துவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் எனக்குப் புதுப் பெயர், பாசி அக்கா. சரி, இருக்கட்டும்.

சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. (பொய். இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.) எனக்கு ஆறாதது அந்த ஒரு வரிதான். உருகினா தண்ணிதானே. ஏனென்றால் இதே வரியை ஒரு காலத்தில் நானும் நம்பினேன், நம்பி ஒரு முழு நாள் வேலையைக் குட்டிச்சுவர் ஆக்கினேன்.

முதலில் ஒரு விஷயம். தமிழில் எல்லாவற்றையும் பனி என்று சொல்லிவிடுகிறோம், குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது. பனிப்பாறை என்பது நிலத்தின் மேல் பல காலம் இறுகிய நல்ல தண்ணீர், உடைந்து கடலில் விழுந்தது. நான் பேசியது கடல் பனி. உப்புத் தண்ணீரே மைனஸ் 1.8 டிகிரியை ஒட்டி உறைவது. உறையும்போது அது உப்பை உள்ளே வைத்துக்கொள்ளாது, வெளியே தள்ளும். அந்தக் கடும் உப்புநீர் பனிக்குள் முடி போலவும் நூல் போலவும் வாய்க்கால்களை அறுத்துக்கொண்டு இறங்கும். ஆக நீங்கள் நினைக்கிற மாதிரி அது கண்ணாடிக் கட்டி இல்லை, முழுக்க ஓட்டை. அந்த ஓட்டைகளில், முக்கியமாகக் கடலைத் தொடும் கடைசி சில சென்டிமீட்டரில், டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசிகள் குடியிருக்கின்றன. மேலிருந்து வடிந்து வரும் துளியூண்டு வெளிச்சம் அவற்றுக்குப் போதும். மேலே நின்று பார்ப்பவருக்கு வெள்ளைவெளேர் பாலைவனம், அடியிலோ தலைகீழாகத் தொங்கும் வயல். நேற்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், பனிக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அங்கேதான் சோறு விளைகிறது.

இனி என் கதை. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் கப்பலில் எடுபிடி வேலைக்குத் தெற்கே, அண்டார்க்டிகா பக்கம், போயிருந்தேன். எடுபிடி என்றால் எடுபிடியேதான், பக்கெட் தூக்குவது, பாட்டில் கழுவுவது, லேபிள் ஒட்டுவது. ஒரு நாள் கப்பல் பனித்தட்டுகளை உடைத்துக்கொண்டு போகும்போது ஒரு தட்டு அப்படியே குப்புறப் புரண்டது. அடிப்பக்கம் முழுக்கக் கரும்பழுப்பு, கழுவாத பாத்திரத்தின் அடி மாதிரி. நான் பதறிப்போய்ப் பக்கத்தில் நின்றவரிடம் "கப்பல்ல ஆயில் கசியுதா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதுதான் இந்தக் கடலோட சாப்பாடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வாரம் பனியில் குழாய் இறக்கி ஆள் உயரத்துக்கு ஒரு தண்டு எடுத்தார்கள். மேலே எல்லாம் பால் வெள்ளை, கடைசி நாலு விரல்கடை மட்டும் டீ நிறம். அதை அறுத்துப் பக்கெட்டில் போட்டு உருக வைக்கும் வேலை என்னுடையது. வடிகட்டிய கடல்நீர் ஊற்றி அதில் உருக விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் அதிபுத்திசாலி ஆயிற்றே, உருகினா தண்ணிதானே, எதற்கு இன்னும் தண்ணீர் என்று சும்மா உருக விட்டுவிட்டேன். பனி உருகும்போது உப்பு ஒரேயடியாக இறங்கிவிடும், உப்புநீரில் வாழ்ந்த செல்லுக்குள் நல்ல தண்ணீர் பாயும், தாங்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய செல்கள் எல்லாம் வெடித்துக் குழம்பாகக் கிடந்தன, கண்ணாடி ஓடு உள்ளவற்றில் சில தப்பியிருந்தன. மாதிரியை வீணாக்கியதற்கு யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அந்தப் பக்கெட்டைக் கழுவியபடி நான் அழுதது எனக்கு மட்டும் தெரியும், இப்போது உங்களுக்கும். ஆகவே நெறியாளரே, உருகினால் தண்ணீர்தானா என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உருக்கிப் பார்த்தவள் நான்.

சரி, அந்தப் பாசியால் யாருக்கு என்ன லாபம்? தெற்கில் கிரில் இருக்கிறது, விரல் நீளத்துக்கு இறால் மாதிரி. அதன் குஞ்சுகள் கோடையில் பிறந்து, வளர்ந்து முடிக்கும் முன்பே குளிர்காலம் வந்துவிடும். சூரியன் இல்லை, தண்ணீரில் மேய எதுவும் இல்லை. அந்த நாட்களில் அவை பனியின் அடியில் ஒண்டி, காலால் பாசியைச் சுரண்டித் தின்றுதான் உயிர் பிழைக்கின்றன. பெரிய கிரிலாவது உடம்பைச் சுருக்கிக்கொண்டு பட்டினி கிடக்கும், குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. பனி இல்லாத குளிர்காலம் குஞ்சுக்குப் பஞ்சம். அந்தக் கிரிலை நம்பித்தான் அடேலி பென்குயின், நண்டுண்ணி சீல், திமிங்கலம் எல்லாம். (நண்டுண்ணி சீல் நண்டைத் தொடுவதே இல்லை, சல்லடைப் பல்லால் கிரிலைத்தான் வடிகட்டித் தின்கிறது. பெயர் வைத்தவரும் அடியைப் பார்க்கவில்லை போல.) அண்டார்க்டிக் வெள்ளிமீனோ முட்டையையே பனியில் ஒப்படைத்துவிடுகிறது. அண்டார்க்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில், டெரா நோவா விரிகுடாவில், கரையோடு ஒட்டிய பனியின் அடியில் அப்பளத் துண்டுகள் மாதிரி மெல்லிய பனித்தகடுகள் சேரும், அவற்றின் நடுவில்தான் அந்த முட்டைகள்.

வடக்கே பனியிடுக்குகளில் ஒளிந்து வாழ்வது துருவக் காட் மீன். அதை வளைய சீல் தின்னும், சீலைப் பனிக்கரடி தின்னும். இதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் போடுவார்கள், கரடிக்கு முழுப்பக்கப் படமும் உண்டு. அந்தக் கரடியின் உடம்பில் இருக்கும் கார்பனில் பெரும்பகுதி பனிப்பாசியிலிருந்து படிப்படியாக ஏறி வந்தது என்று கனடிய ஆர்க்டிக்கில் கண்டுபிடித்தார்கள், அதை மட்டும் எவரும் போடுவதில்லை. கரடிக்கு லைக், பாசிக்குச் சிரிப்பு.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. "பனி குறைந்தால் வெளிச்சம் அதிகம், பாசியும் அதிகம்தானே?" நல்ல கேள்வி, மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆர்க்டிக் கடலின் திறந்த நீரில் மொத்தப் பாசி விளைச்சல் 1998 முதல் 2018 வரை 57 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் விளைச்சல் கூடினால் மட்டும் போதுமா, எப்போது விளைகிறது, எவர் வாய்க்குப் போகிறது என்று பார்க்க வேண்டாமா? வடக்கில் கலானஸ் என்று அரிசிமணி அளவுக்குக்கூட வராத ஓர் உயிர். தாய் கலானஸ் முதலில் வரும் பனிப்பாசியைத் தின்று முட்டை இடுகிறது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத் திறந்த நீரில் பாசி பெருகும்போது குஞ்சுகள் சாப்பிடத் தயாராக இருக்கும். இரண்டு பந்தி. முதல் பந்தி தாய்க்கு, இரண்டாம் பந்தி பிள்ளைக்கு. பனி சீக்கிரம் போனால் இரண்டாம் பந்தி முன்னாடியே வந்து போய்விடும், பிள்ளை வரும்போது இலை எடுத்தாகிவிட்டது. 57 சதவீதத்தை வைத்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

"அப்படியென்றால் பனி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?" இல்லை, நான் எங்கே அப்படிச் சொன்னேன்? கிழக்கு அண்டார்க்டிகாவில் ஒரு அடேலி காலனியில் 2017 தொடக்கத்தில் சுமார் 18,000 ஜோடிகள் இருந்த இடத்தில் இரண்டே குஞ்சுகள் பிழைத்தன. காரணம், பனி வழக்கத்தைவிட அதிகம் நின்றுவிட்டது, பெற்றோர் இரை தேடி ரொம்பத் தூரம் போக வேண்டியிருந்தது. பனி வர வேண்டிய நேரத்தில் வந்து, போக வேண்டிய நேரத்தில் போக வேண்டும். இதைச் சொல்லி முடிக்க எனக்கு இருபது நொடி போதும், அந்த இருபது நொடிதான் நேற்று கிடைக்கவில்லை.

"2014-ல் அண்டார்க்டிக் பனி கூடியதே?" கூடியது, குளிர்கால உச்சத்தில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சத்துக்கு இறங்கியது. அங்கே பிப்ரவரி கோடை, கோடையில் சுருங்குவது இயல்புதான், ஆனால் செயற்கைக்கோள் கணக்கு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. அதே ஆண்டு குளிர்கால உச்சமும் அதுவரை காணாத அளவு குறைவு. அடுத்தவர்.

"எங்கேயோ இருக்கிற பாசி நமக்கு எதுக்கு?" இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

சரி, சொல்கிறேன், மனம் கேட்கவில்லை. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருக்கும் பெரிங் கடலில் பனி உருகியபின் அடியில் குளிர்ந்த தண்ணீர் ஒரு குளம் போலத் தங்கும். இளம் பனிநண்டுகளுக்கு அதுதான் கோட்டை, அவற்றைத் தின்னும் பசிபிக் காட் மீன் (முன்னே சொன்ன துருவக் காட் இல்லை, இது வேறு) அந்தக் குளிருக்குப் பயந்து உள்ளே வராது. 2018 குளிர்காலத்தில் அங்கே பனி படுமோசமாகக் குறைந்தது, கோட்டை கரைந்தது. சூட்டில் நண்டுகளுக்குப் பசி கூடியது, தீனி போதவில்லை. ஆயிரம் கோடிக்கு மேல் நண்டுகள் காணாமல் போயின. 2022-ல் அலாஸ்காவில் பனிநண்டுப் பிடிப்பை முதல்முறையாக மூடினார்கள். கடன் வாங்கிப் படகு ஓட்டியவர்களிடம் போய் உருகினா தண்ணிதானே என்று சொல்லிப் பாருங்களேன்.

நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. பேசத்தான் செய்வேன். நேற்று என்னைச் சுட்டது அறியாமை இல்லை, அறியாமை எனக்கும் இருந்தது, ஆயில் கசியுதா என்று கேட்டவள்தானே நான். அன்று பக்கத்தில் நின்றவர் சிரித்திருந்தால் நான் அதற்கப்புறம் வாயே திறந்திருக்க மாட்டேன், ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். அவர் சிரிக்கவில்லை. நேற்று இருநூறு பேர் சிரித்தார்கள், அதில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு, பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

2022 கடைசியில் அண்டார்க்டிகாவை ஒட்டிய பெலிங்ஸ்ஹாசன் கடலில் ஐந்து பேரரசப் பென்குயின் காலனிகளில் நான்கில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தார்கள். குஞ்சுக்குத் தண்ணீர் புகாத இறகு முளைக்கும் முன்பே காலடியில் இருந்த பனி உடைந்து போய்விட்டது. பஞ்சு மாதிரித் தூவி, நனைந்தால் முடிந்தது கதை. நேற்று மைக் இருந்திருந்தால் கடைசியாக இதைச் சொல்லியிருப்பேன். குஞ்சு என்றால் சிரித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பாசி என்றால் சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புரண்ட பனித்தட்டின் பழைய படத்தைத் தேடி எடுத்து முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். கை நடுங்கி எடுத்தது, ஆனாலும் பழுப்பு நிறம் தெரியும்.

எடிட்: படம் போட்டு மூன்று நிமிடம் ஆகவில்லை, ஒரு தம்பி கேட்கிறார், "அக்கா, கப்பல்ல ஆயில் கொட்டிருச்சா?" தம்பி, இருங்கள், உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதுகிறேன்.