டேப் சுத்தினால் ஜாயிண்ட் ஆகிவிடுமா?

பழைய அம்பாசிடர் ஒன்றின் பானெட்டைத் திறந்து கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கறுப்பு டேப் உருண்டை தட்டுப்படும். தொட்டால் பிசுபிசுக்கும். பிரித்தால் உள்ளே இன்னொரு டேப், அதற்குள்ளே இன்னொன்று. ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு எலக்ட்ரீஷியன் ஆட்சிக்காலம். எல்லாவற்றையும் உரித்த பிறகு நடுவில் இரண்டு செப்புக் கம்பிகள் பச்சை பூத்து, ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கும். அவ்வளவுதான். "லைனெல்லாம் பக்காவா செக் பண்ணிட்டேன் சார்" என்று சொல்லி வாங்கிய காசுக்கு வேலை இதுதான்.

ஆறு மாதம் கழித்து ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியும். திரும்பப் போனால் அடுத்த தீர்ப்பு தயார்: "வயரிங் கிட்டையே மாத்திடலாம் சார், பழைய வண்டில்ல." மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. மீட்டர் கணக்கில் ஒயர் நன்றாக இருக்கும். கெட்டுப்போனது கப்ளர், அதாவது ஒயரும் ஒயரும் சேரும் இணைப்பு, இருக்கும் அந்த ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தை ஒழுங்காகச் செய்யத்தான் ஆளில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் செய்த கம்பெனி லூகாஸ். "லூகாஸ்னாலே இருட்டின் இளவரசன்தானே" என்று வெள்ளைக்காரன் ஜோக்கைக் கடன் வாங்கிச் சிரித்துவிட்டுப் போகும். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வாரிசு. வயரிங்கும் அந்த வம்சம்தான்: ஒயர் நுனியில் தோட்டா மாதிரி ஒரு பித்தளை புல்லட், அது போய் உட்கார ரப்பர் போர்த்திய ஒரு உலோகக் குழல். இந்த ஜோடிதான் கப்ளர். 2014இல் உத்தர்பாராவில் கடைசி வண்டி இறங்கியது. நாம் கிளாசிக் என்று கொஞ்சுகிற வண்டிகளுக்கு நாற்பது, ஐம்பது வயது. அத்தனை மழையும் எஞ்சின் சூடும் தின்ற ரப்பர் வெடிக்காமல் என்ன செய்யும்? ஐம்பது வருடம் தாங்கிய இணைப்பைத் திட்டுகிறவர்கள், ஆறு மாதம் தாங்காத டேப் உருண்டையை ஒரு வார்த்தை சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். டிப் (தாழ்ந்த வெளிச்சம்) லைனுக்கான நீலத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒயர் முன்னால் வந்து ஒரு நான்கு வழிக் குழலில் இடது, வலது என்று பிரியும். அதாவது அந்த ஒரு புல்லட் வழியாக 9 ஆம்பியர் முழுசும் போகும். அங்கே துருவும் அழுக்கும் சேர்ந்து 0.1 ஓம் தடை வந்தால் போதும், 0.9 வோல்ட் அங்கேயே போச்சு. 8 வாட்டுக்கு மேல் சூடு அந்தச் சின்னக் குழலுக்குள்ளே. சூட்டில் ஸ்பிரிங் பிடிப்பு தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. பல்புக்குப் போகிற வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். இதற்குத்தான் புது பல்பு, புது பேட்டரி, புது ஆல்டர்னேட்டர் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பல வண்டிகளில் ஹெட்லைட் லைனுக்கு ஃப்யூஸே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த டேப் உருண்டை உருகி பாடியில் தொட்டால் அணைக்க நடுவில் எதுவும் இல்லை; ஹார்னஸே, அதாவது மொத்த ஒயர் கட்டே, எரியும்.

"மீட்டர் வெச்சுப் பாத்தேன், பீப் அடிக்குது சார்." அடிக்கும்! ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். அந்தச் சத்தத்தை நம்புவதற்குக் கிளி ஜோசியம் பார்க்கலாம். லைட்டைப் போட்டு, லோடு ஓடும்போது, கப்ளருக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். 0.1க்குள் இருந்தால் விட்டுவிடலாம். 0.3, 0.5 என்று காட்டினால் குற்றவாளி அங்கேதான். இரண்டு நிமிட வேலை. யார் செய்கிறார்கள்?

சரி, கப்ளரை மாற்றுகிறார்கள் என்றே வையுங்கள். அங்கே அடுத்த கூத்து. பழைய பிரிட்டிஷ் புல்லட் 4.7 மி.மீ. நம் கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குவது பைக் புல்லட், ஏறக்குறைய 4 மி.மீ. அதை 4.7 குழலில் செருகினால் சட்டியில் போட்ட கோலிக்குண்டு மாதிரி ஆடும். இல்லையென்றால் நீல பிளாஸ்டிக் போட்ட ரெடிமேட் புல்லட், அது 5 மி.மீ. சுத்தியலால் தட்டி ஏற்றுவார்கள். குழல் வாய் பிளந்துகொள்ளும், அப்புறம் எதைப் போட்டாலும் பிடிக்காது. கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்." ஒன்றில்லை ஐயா. மி.மீ. அளக்கிற வெர்னியர் இல்லையென்றால் பழைய புல்லட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போங்கள். புதுக் குழலில் அதைச் செருகிப் பார்த்து, இழுத்தால் பிடித்து நிற்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். குழலையும் புல்லட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய குழலுக்குப் புது புல்லட் போடுவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி.

செய்கிற முறை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எந்த நிறம் எந்த ஓட்டையில் என்று போட்டோ எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பர் இறுகியிருந்தால் ஹேர் டிரையரில் சூடு காட்டி, குழலைத் திருகிக்கொண்டே உருவுங்கள். வராவிட்டால் ரப்பரை பிளேடால் கீறித் தூக்கிப் போடுங்கள், எப்படியும் புதுசு போடப் போகிறோம். பிறகு ஒயரை 1 செ.மீ. வெட்டி உள்ளே பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் இன்னும் ஒரு செ.மீ. பளபளவென்று வருகிற வரை வெட்ட வேண்டும். ஈரம் ஒயருக்குள்ளே திரி மாதிரி ஏறியிருக்கும். கறுத்த செம்பில் சால்டர் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு விழும். 5 செ.மீ. வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அடுத்த கப்ளர் வரைக்கும் அந்த ஒரு ஒயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

உறையை உரிப்பதற்குப் பல் எதற்கு? இத்தனை வருடமாகப் பார்த்தும் பழகாத காட்சி அதுதான். ஒயரைக் கடித்து, ஒரு இழுப்பு, 'ப்பூ' என்று துப்பல். சைடு லைட் ஒயரில் இருப்பதே 0.30 மி.மீ. இழை 14தான். கடித்த கடியில் நாலு இழை போனால் மிச்சம் பத்து. அந்தப் பத்துதான் அப்புறம் சுடுகிறது. ஹெட்லைட்டுக்கு 28 இழை, அதாவது 2 சதுர மி.மீ. அதில் பாதி கனம் உள்ள வீட்டு ஒயரைக் கொண்டுவந்து ஒட்டுப்போடுகிற புண்ணியவான்களும் உண்டு.

பற்றவைக்கிற புல்லட் என்றால் நுனியில் சின்ன ஓட்டை இருக்கும். சுமார் 1 செ.மீ. உரித்து, இழைகள் அந்த ஓட்டையில் எட்டிப் பார்க்கிற மாதிரி நுழையுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். 60 வாட் வேண்டும். நுனியில் சூட்டை வைத்து மூன்று, நான்கு எண்ணுவதற்குள் ஈயம் உள்ளே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வெளியே குமிழ் நின்றால் அரத்தால் தேய்த்து உருண்டையாக்குங்கள், இல்லாவிட்டால் குழலைக் கிழிக்கும். உள்ளே ரோசின் (பற்றவைக்க உதவும் பிசின்) வைத்த 60/40 ஈயம்தான். பாத்திரத்துக்கு ஈயம் வைக்கிற ஆசிட்டைத் தொடவே கூடாது. இன்று பளிச்சென்று பிடிக்கும், மழைக்காலத்தில் ஒயரையே அரித்துவிடும். ஈயம் இல்லாமல் நசுக்கிப் பிடிக்க வைக்கிற கிரிம்ப் வகை என்றால் அதற்குரிய பிளையர். கட்டிங் பிளையரால் நசுக்குவதற்கு கிரிம்ப் என்று பெயர் வைக்காதீர்கள். செய்து முடித்ததும் பலமாக ஒரு இழு. கையோடு வந்தால் சந்தோஷப்படுங்கள், ரோட்டில் வரவில்லை.

செருகும்போது ரப்பருக்குள் துளி சிலிக்கான் கிரீஸ். எதிரெதிர் புல்லட் இரண்டும் குழலுக்குள் முழுசாக மறைய வேண்டும். பித்தளை வெளியே தெரிந்தால் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டுப்போட வேண்டி வந்தால் பக்கத்துப் பக்கத்து ஒயர்களின் ஜாயிண்ட்டுகளை 3, 4 செ.மீ. தள்ளித் தள்ளிப் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) ஏற்றுங்கள். அந்தக் குழாயை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு அது மேஜையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர் இந்த வேலையில் இல்லை.

நிறம்! கடையில் சிவப்பு ரோல் இருந்தால் எல்லாவற்றுக்கும் சிவப்பு. இந்த வயரிங்கில் பழுப்பு என்றால் ஃப்யூஸ் இல்லாத நேரடி பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனில் ஃப்யூஸ் தாண்டியது, சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். பழுப்பு லைனில் சிவப்பை ஒட்டிவிட்டுப் போனால், அடுத்து கை வைக்கிறவர் சைடு லைட் என்று நினைத்துத் தொடுவார். ஸ்பேனர் பழுக்கும்.

எர்த்தைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. இண்டிகேட்டர் போட்டால் சைடு லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறதா? அது பேய் இல்லை, கறுப்பு ஒயர் பாடியில் பிடிக்கவில்லை. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த பல்பு வழியாகப் போகிறது. பெயிண்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் தீர்ந்தது. புது பெயிண்ட் அடித்த வண்டியில்தான் இந்தத் தொல்லை அதிகம். லட்சம் செலவழித்து பாடி வேலை செய்துவிட்டு எர்த் ஓட்டைக்குள்ளும் பெயிண்ட் அடித்து மூடியிருப்பார்கள்.

இதற்கு நடுவில் 100/90 வாட் ஹாலஜன் ஆசை வேறு. ஹை பீமில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறதை, 45/40 வாட் பல்புக்காகப் பிறந்த சுவிட்ச் வழியாகவும், காலடியில் ஈரச் செருப்பு பட்டுப் பட்டுத் துருவேறிய டிப் சுவிட்ச் வழியாகவும் ஓட்டுவார்கள். சுவிட்சுக்குப் பதிலாகப் பெரிய கரண்டைத் தான் சுமக்கிற 30 ஆம்பியர் ரிலே இரண்டு, பேட்டரியிலிருந்து தனியாக 3 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். இதைப் போட மனமில்லாதவர் அந்த பல்பை வாங்கவே வேண்டாம்.

டிக்கி மூடியில் நம்பர் பிளேட் லைட் உள்ள வண்டி என்றால் இன்னொன்று. பல்பை மூன்று முறை மாற்றியும் எரியாது, ஹோல்டரையும் மாற்றுவார்கள். திறந்து மூடித் திறந்து மூடி, கீல் பக்கத்தில் செம்பு உள்ளேயே ஒடிந்திருக்கும். உறை மட்டும் முழுசாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அந்த இடம் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி இல்லை.