பெயர்ப் பட்டியலைவிட முதலில் கேட்க வேண்டியது, பொருத்திப் பார்த்த விதியை

அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி வாக்காளராகப் பதிந்திருக்கும் தமிழர்கள், குறிப்பாக டெக்சாஸ், ஜார்ஜியா, டென்னசி பக்கம் இருப்பவர்கள், இதை முழுதாகப் படித்துவிடுங்கள். கிரீன் கார்டிலும் ஹெச்-1பியிலும் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. குடிமக்கள் அல்லாதவர்கள் என்று சந்தேகித்து வாக்காளர்களை நீக்கப் பார்க்கும் அரசிடம், எந்த விதியை வைத்துப் பெயர்களைப் பொருத்திப் பார்த்தீர்கள் என்பதை, ஊரின் ஆர்.டி.ஐ. போன்ற பொது ஆவணக் கோரிக்கை வழியாக வாங்குவது எப்படி என்பதுதான் விஷயம்.

2019 ஜனவரி 25 அன்று, டெக்சாஸில் தேர்தல் வேலைகளுக்குத் தலைமை அதிகாரியான மாநிலச் செயலர் பதவியில் இருந்த டேவிட் விட்லி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வாக்காளர் பட்டியலில் இருக்கும் சுமார் 95,000 பேர் குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கலாம், அவர்களில் சுமார் 58,000 பேர் 1996க்கும் 2018க்கும் நடுவில் ஒரு தேர்தலிலாவது வாக்களித்திருக்கிறார்கள் என்றார். 58,000 என்ற அந்த எண் அதிபரின் ட்விட்டர் பக்கம் வரை போனது. பல கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) 30 நாளுக்குள் குடியுரிமைச் சான்று காட்டச் சொல்லிக் கடிதங்களும் போயின. ஒரு வாரம் ஆவதற்குள், பட்டியலில் இருந்தவர்களில் ஏறத்தாழ 25,000 பேரைப் பற்றிய சந்தேகமே தப்பு என்று கவுன்ட்டி அலுவலர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டி வந்தது. அவர்களின் குடியுரிமைச் சான்று அரசிடமே இருந்தது.

கோளாறு எங்கே என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் கிரீன் கார்டைக் காட்டி, டி.பி.எஸ். என்கிற பொதுப் பாதுகாப்புத் துறையில் ஓட்டுநர் உரிமம் எடுக்கிறார். ‘குடிமகன் அல்லாதவர்’ என்று அங்கே பதிவாகிறது. அன்றைய டெக்சாஸ் உரிமம் ஆறு வருடம் வரை செல்லும். இரண்டு வருடம் கழித்து அவர் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துக்கொண்டு வாக்காளராகப் பதிகிறார். குடியுரிமை வாங்கியதை டி.பி.எஸ்.ஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழைய குறிப்பு அப்படியே கிடக்கிறது. அதையும் வாக்காளர் பட்டியலையும் கணினியில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முறையாக வாக்களித்த ஒரு குடிமகன் குற்றவாளியாகத் தெரிகிறார். தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வரி அந்த விதியில் இல்லை. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2019 ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தபோது அந்த வரிதான் சேர்ந்தது: வாக்காளராகப் பதிந்த பிறகு டி.பி.எஸ்.ஸில் குடிமகன் அல்லாதவர் என்பதற்கான ஆவணம் காட்டியவர்களை மட்டுமே இனிச் சந்தேகிக்கலாம். வழக்குத் தொடுத்தவர்களின் செலவுக்காக மாநிலம் 4,50,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மே மாதம் விட்லி பதவி விலகினார்.

அந்தத் திட்டம் 2018இலேயே தொடங்கிவிட்டது. இரு துறைகளும் மாதக்கணக்கில் பேசியிருக்கின்றன, கோப்புகள் கைமாறியிருக்கின்றன. அந்தச் சமயத்தில் பொது ஆவணக் கோரிக்கை ஒன்று உள்ளே போயிருந்தால், இந்த ஓட்டை அறிவிப்புக்கு முன்பே வெளிச்சத்துக்கு வர வாய்ப்பிருந்தது. பெரும்பாலான ஆர்வலர்கள் ‘நீக்கப்படுபவர்களின் பட்டியல் கொடு’ என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். 2019இல் ஒஹையோ மாநிலம் நீக்கப்போகும் சுமார் 2,35,000 பெயர்களை முன்கூட்டியே வெளியிட்டது. தன்னார்வலர்கள் சல்லடை போட்டுப் பார்த்ததில் சுமார் 40,000 பெயர்கள் அதில் இருந்திருக்கவே கூடாது என்று தெரிந்தது. ஆனால் ஓட்டுநர் உரிமத் தகவலோடு பொருத்தி எடுத்த பட்டியல் என்றால், அந்தரங்கத் தகவல் என்ற காரணம் உடனே வரும், மாதங்கள் ஓடிவிடும். பட்டியலைத் தயாரித்த விதியில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. அதை மறைக்க அவர்களுக்குக் காரணமும் குறைவு. அதனால் முதல் கோரிக்கை விதியைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வந்த எத்தனையோ பேருக்கு விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகியிருக்கும். அதே எழுத்துகள் ஓட்டுநர் உரிமத்திலும் ஏறும். அப்பா பெயர் கடைசிப் பெயராகும், இனிஷியல் நடுப்பெயராகும். குடியுரிமை வாங்கும்போது பெயரை ஒழுங்கு செய்துகொள்வோம். ஒரே ஆள் மூன்று அலுவலகங்களில் மூன்று பெயரில் நிற்கிறார். ஒவ்வொரு எழுத்தும் பொருந்த வேண்டும் என்று விதி இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018இல் ஜார்ஜியா காட்டியது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பொது ஆவணக் கோரிக்கை வழியாக வாங்கிய பதிவுகளில், 53,000 வாக்காளர் விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது வெளியானது. அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு கறுப்பினத்தவருடையவை. பழைய உரிமத் தகவலை வைத்துக் குடிமகன் அல்லாதவர் என்று குறிக்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். நவம்பர் தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் நீதிமன்றம் அவர்களுக்கு வழிவிட்டது.

இப்போது கோரிக்கைக்கு வருவோம். ஊரில் ஆர்.டி.ஐ. போட்டுப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. மத்திய அரசின் ஃபோயா என்கிற தகவல் சுதந்திரச் சட்டம் மாநில அலுவலகங்களைத் தொடாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் அது அரசுச் சட்டத் தொகுப்பின் 552ஆம் அத்தியாயம். கேட்பவர் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கவும் கூடாது. ஹெச்-1பியில் இருப்பவர் தாராளமாக அனுப்பலாம். டென்னசியும் வர்ஜீனியாவும் அப்படியல்ல. தம் மாநிலத்தவர் கேட்டால்தான் கொடுப்போம் என்று மறுக்க அவற்றுக்கு உரிமை உண்டு என 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த மாநிலங்களில் அங்கேயே குடியிருக்கும் குடிமகன் ஒருவர் பெயரில் அனுப்புங்கள்.

‘வாக்காளர்களை நீக்கத் திட்டமிட்டீர்களா, விளக்கவும்’ என்று எழுதினால் ஒன்றும் வராது. கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை, புதிதாக ஆவணம் தயாரிக்கும் கடமையும் இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தைக் கொடுப்பது மட்டுமே கடமை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மாநிலச் செயலர் அலுவலகத்துக்கும் டி.பி.எஸ்.ஸுக்கும் இடையிலான தகவல் பகிர்வு ஒப்பந்தம், அதன் திருத்தங்கள். கைமாறும் கோப்பில் என்னென்ன கட்டங்கள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் என்ன பொருள் என்று விளக்கும் தாள். இதை விடவே விடாதீர்கள், 2019இல் அந்த 25,000 பேரும் மாட்டியது இப்படியொரு குறியீட்டைக் கவனிக்காமல் விட்டதால்தான். பெயர், பிறந்த தேதி, உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றில் எத்தனை பொருந்தினால் ‘வலுவான பொருத்தம்’, எத்தனை பொருந்தினால் ‘பலவீனமான பொருத்தம்’ என்று கவுன்ட்டிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதல். கவுன்ட்டி வாரியாக எத்தனை கடிதம் போனது, எத்தனை பதில் வந்தது, எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், எத்தனை பேர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை. எண்ணிக்கையை எக்செல் கோப்பாகவே கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வரும், அதை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்க முடியாது.

மின்னஞ்சலைத் தனிக் கோரிக்கையாக அனுப்புங்கள். ஒரே தாளில் எல்லாவற்றையும் போட்டால், மின்னஞ்சலுக்கு வரும் மறுப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ‘2025 ஜூன் 1 முதல் 2026 மார்ச் 31 வரை, தேர்தல் பிரிவு இயக்குநருக்கும் டி.பி.எஸ். உரிமப் பிரிவுக்கும் இடையே சென்ற, சேவ் அல்லது நான்-சிட்டிசன் என்ற சொல் வரும் மின்னஞ்சல்கள், இணைப்புகளோடு’. இந்த அளவுக்குக் குறுக வேண்டும். அரசு வேலை தொடர்பான செய்தி அலுவலரின் சொந்தக் கைபேசியில் இருந்தாலும் அது பொது ஆவணமே. 2019 திருத்தத்துக்குப் பிறகு டெக்சாஸில் அதை ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

சேவ் என்பது மத்திய அரசின் குடியுரிமைச் சரிபார்ப்புத் தளம். 2025இல் அதைப் பெரிதாக்கி, சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்து மொத்தமாகத் தேடும் வசதியை மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த அக்டோபரில் டெக்சாஸ் தன் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களை அதில் ஓட்டி, 2,724 பேர் குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கலாம் என்றது. அந்தப் பெயர்களை டி.பி.எஸ். கோப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார்களா? கவுன்ட்டிக்கு அனுப்பும் முன் கழித்தது எத்தனை? இவைதான் இப்போது ஆவணமாகக் கேட்க வேண்டியவை. குடிமகன் அல்லாதவர் எவரும் பட்டியலில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சிலர் இருந்தால் நீக்க வேண்டியதுதான். இறந்தவர்களையும் இடம் மாறியவர்களையும் நீக்குவது அரசின் கடமையும்கூட. அந்தச் சிலரைத் தேடுகிறேன் என்று ஆயிரக்கணக்கான குடிமக்களுக்கு மிரட்டல் போலக் கடிதம் அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கால அளவை மறந்தால் எல்லாம் வீண். டெக்சாஸில் 10 வேலை நாளுக்குள் ஆவணம் தர வேண்டும், அல்லது எப்போது தருவோம் என்று எழுதித் தர வேண்டும். மறைக்க நினைத்தால் அதே 10 வேலை நாளுக்குள் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் முடிவு சொல்ல 45 வேலை நாள், தேவைப்பட்டால் இன்னும் 10. மொத்தம் 65 வேலை நாள், அதாவது 13 வாரம். மத்திய தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் மொத்த நீக்கம் கூடாது என்பது 1993ஆம் ஆண்டு தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு அந்த 90 நாள் ஆகஸ்ட் 5இல் தொடங்குகிறது. பின்னோக்கி எண்ணினால் மே முதல் வாரத்துக்குள் கோரிக்கை போயிருக்க வேண்டும். மாநிலச் செயலருக்காக நீதிமன்றத்தில் வாதாடுவதும் அதே அட்டர்னி ஜெனரல் அலுவலகம்தான் என்பதால், அனுமதி கேட்ட கடிதத்தின் நகல் உங்களுக்கு வந்ததும், ஏன் வெளியிட வேண்டும் என்று நீங்களும் எழுதி அனுப்புங்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அலுவலகம் 10 நாள் கெடுவைத் தவறவிட்டால் அந்த ஆவணம் பொது ஆவணம் என்றே கருதப்படும். அதனால் அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வேண்டும். அவர்கள் அறிவித்திருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள், வேறு முகவரிக்குப் போனால் கடிகாரமே ஓடாது.

நம் பக்கத்திலிருந்து கோரிக்கை சாகும் இடங்கள் இரண்டு. விளக்கம் கேட்டு அவர்கள் எழுதினால் 61ஆம் நாளுக்குள் பதில் போக வேண்டும். செலவு 40 டாலரைத் தாண்டும் என்று மதிப்பீடு அனுப்பினால் 10 வேலை நாளுக்குள் ஒப்புக்கொள்ளவோ குறைத்துக் கேட்கவோ வேண்டும். பதில் போகாவிட்டால் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகக் கணக்கு. இந்த மின்னஞ்சல்கள் ஸ்பேம் பெட்டியில் விழுந்து கெட்டுப்போகும் கோரிக்கைகள் அதிகம்.

மாநிலம் இழுத்தடித்தால் கவுன்ட்டியில் கேளுங்கள். டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள். வழிகாட்டுதல், பட்டியல் வந்த தேதி, பதில் எண்ணிக்கை எல்லாம் அங்கேயும் ஒரு பிரதி இருக்கும். 2019இல் தவறுகளை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் கவுன்ட்டிப் பதிவாளர்கள்தான், அவர்களை எதிரியாக நினைத்து எழுதாதீர்கள்.

பெயர்கள் வேண்டுமென்றால் 1993 சட்டத்தின் 8ஆம் பிரிவைச் சொல்லித் தனிக் கடிதம் எழுதுங்கள். பட்டியலைச் சரிபார்க்கும் வேலை தொடர்பான ஆவணங்களை இரண்டு வருடமாவது வைத்திருந்து மக்களுக்குக் காட்ட வேண்டும் என்கிறது அது. முகவரி உறுதிசெய்யும் கடிதம் யார் யாருக்குப் போனது, பதில் வந்ததா என்பதும் அதில் அடங்கும். மறுத்தால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு மீறல் அறிவிப்பு அனுப்பி 90 நாள் பொறுக்க வேண்டும். மத்திய தேர்தலுக்கு முந்தைய 120 நாளுக்குள் நடந்த மீறல் என்றால் 20 நாள் போதும், கடைசி 30 நாளுக்குள் என்றால் அறிவிப்பே தேவையில்லை. அதன் பிறகு வழக்கு. ஆனால் டெக்சாஸ் அடங்கிய ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படியொரு பட்டியல் கேட்ட அமைப்புகளின் வழக்கை 2022இல் தள்ளுபடி செய்தது. தகவல் கிடைக்காததால் தங்களுக்கு நேர்ந்த குறிப்பான பாதிப்பை அவை காட்டவில்லை என்பது காரணம். அதனால் இந்தக் கடிதத்தில் மட்டும், கையெழுத்துப் போடுகிறவர் சந்தேகக் கடிதம் வந்த டெக்சாஸ் வாக்காளராக இருக்கட்டும். வந்த கடிதத்தின் நகல், உறை, தபால் முத்திரைத் தேதி மூன்றையும் அவர் பத்திரமாக வைத்திருக்கட்டும்.