பாதியில் எழுந்து போனவர்களை விட்டுவிடுங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் கவிழ்த்து வைத்த போனை இன்றைக்கு, திங்கள் ராத்திரிதான் நிமிர்த்தினேன். பார்த்தால் எங்கள் சிட்னி ஸ்வான்ஸ் டீமின் ரசிகர் குழுக்களில் ஒரே சண்டை. பிரிஸ்பேன்காரர்களோடு இல்லை, நமக்குள்ளேயே. தோற்கிறோம் என்று தெரிந்ததும், மூன்றாவது குவாட்டர் முடிவதற்குள் எம்.சி.ஜி.யை (மெல்போர்ன் மைதானம்) விட்டு எழுந்து போனவன் உண்மையான ரசிகனா இல்லையா என்று பட்டிமன்றம். ஒருத்தர் "இவனுங்க மெம்பர்ஷிப்பைப் பிடுங்கணும்" என்றே எழுதியிருக்கிறார். எனக்கு வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபூட்டி பார்க்காத நண்பர்களுக்காக: ஃபூட்டி என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து, ஒரு ஆட்டத்துக்கு நாலு குவாட்டர். சீசனின் கோப்பைக்கான கடைசி ஆட்டம்தான் கிராண்ட் ஃபைனல், இந்த முறை 2024 செப்டம்பர் 28. பிரிஸ்பேன் லயன்ஸ் 120, சிட்னி ஸ்வான்ஸ் 60. நாங்கள் எடுத்ததும் 60, தோற்றதும் 60-ல். கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது.

இது முதல் தடவை என்றால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். 2014 கிராண்ட் ஃபைனலில் ஹாதோர்னிடம் 63 பாயின்ட்டில் தோற்றோம். 2016-ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் 22. 2022-ல் ஜிலாங்கிடம் 81. இப்போது இது. கூட்டினால் 226 பாயின்ட் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாததால் கூட்டிப் பார்த்தேன். இந்த நாலில் மூன்று வருஷம் சீசன் முழுக்க ஆடி புள்ளிப் பட்டியலில் முதல் இடத்தில் முடித்தது நாம்தான். கடைசியாகக் கோப்பை வந்தது 2012. என் மகள் பிறந்தது 2013. அதாவது அவள் பிறந்த பிறகு நாலு கிராண்ட் ஃபைனல், நாலும் தோல்வி. வேறு எந்த டீமுக்காவது அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்பன் செய்த பாவம்.

என் கதையைச் சொன்னால்தான் இந்தக் கோபம் புரியும். நான் சிட்னி வந்தது 2005 ஆகஸ்டில். வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, சர்ரி ஹில்ஸ் பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, கிராண்ட் ஃபைனல் நாள், ஓட்டலில் ஈ காக்கா இல்லை, முதலாளியே அடுப்பை அணைத்துவிட்டு எதிரே இருந்த பப்புக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் என்ன, விதி என்ன, ஒன்றும் தெரியாது. கடைசி சில விநாடிகள், நாலு பாயின்ட்தான் வித்தியாசம், பின்னால் இருக்கும் எதிர் டீம் வெஸ்ட் கோஸ்ட் பந்தைத் தூக்கி அடிக்கிறார்கள், கீழே ஏழெட்டுப் பேர் ஒரே குவியலாக எழும்புகிறார்கள், அந்தக் கூட்டத்துக்கு மேலே ஒருத்தன் பறந்து வந்து பந்தைப் பிடிக்கிறான். ஸ்வான்ஸின் லியோ பாரி. முன்பின் தெரியாத ஒரு தாத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். 72 வருஷம் கழித்து வந்த கோப்பை என்று அப்புறம்தான் சொன்னார்கள். அந்தத் தாத்தா சின்ன வயதில் இந்த டீம் மெல்போர்னில் இருந்ததாம், சவுத் மெல்போர்ன் என்று பெயராம், 1982-ல் டீமை சிட்னிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம், இவரும் பின்னாலேயே வந்துவிட்டாராம். பாத்திரம் கழுவிய கை ஈரம் காயாமல் நான் ஸ்வான்ஸ்காரன் ஆனேன்.

அடுத்த வருஷமே அதே வெஸ்ட் கோஸ்டிடம் ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றோம், 85-க்கு 84. இப்போது யோசித்தால் அது எவ்வளவோ மரியாதையான தோல்வி. ஒரு பாயின்ட்டில் தோற்றால் அதை வைத்துப் பத்து வருஷம் பேசலாம். அந்த ஷாட் போஸ்டுக்கு உள்ளே போயிருந்தால், அந்தப் பந்து வேறு பக்கம் துள்ளியிருந்தால் என்று ஆயிரம் 'இருந்தால்' கிடைக்கும். 2016-க்கும் ஒரு சாக்கு இருக்கிறது. ஃப்ரீ கிக் கணக்கு 20-க்கு 8, எட்டு நமக்கு. அம்பயரைத் திட்டியே எட்டு வருஷம் ஓட்டிவிட்டோம், இன்னும் ஓட்டுவோம். 60 பாயின்ட் தோல்வியில் என்ன சாக்கைத் தேடுவது? காற்றா, அம்பயரா, அதிர்ஷ்டமா? ஒன்றும் இல்லை. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் இல்லை. அதனால்தான் இப்போது நமக்குள்ளேயே அடித்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வீட்டில் நடந்தது இது. மகள் காலையிலேயே முகத்தில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை பூசிக்கொண்டாள். மனைவி மசால் வடைக்கு அரைத்து வைத்திருந்தாள், குவாட்டருக்கு ஒரு ஈடு என்று திட்டம். கேட்டி பெர்ரி பாடி முடித்தார், இரண்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது, முதல் குவாட்டர் இழுபறி, முதல் ஈடு வடை காலி. இரண்டாவது குவாட்டரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். பிரிஸ்பேன்காரர்கள் பந்தைப் பிடித்தால் விடவே இல்லை, அவசரமே இல்லாமல் சின்னச் சின்ன கிக், ஒருத்தன் மார்க் (உதைத்த பந்தைக் கையில் பிடிப்பது), அடுத்தவன் மார்க், நம் ஆட்கள் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி அங்கேயும் இங்கேயும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாஃப் டைம் வரும்போதே கதை முடிந்துவிட்டது. இரண்டாவது ஈடு வடை தட்டோடு அப்படியே இருந்தது, எண்ணெய் டிஷ்யூவில் இறங்கி வட்டம் வட்டமாக.

மூன்றாவது குவாட்டரில் நான் ரிமோட்டை எடுத்தேன். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "2022-லயும் இப்படித்தான் அணைச்சீங்க" என்றாள். அப்போது அவளுக்கு 9 வயது. நான் அணைத்தது எனக்கே மறந்துபோயிருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். கடைசி சைரன் வரை உட்கார்ந்து பார்த்தோம், ஒருத்தரும் பேசவில்லை. அவள் கன்னத்துச் சிவப்பு சோபாவில் ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை.

சரி, நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன், அதனால் நான் பெரிய ரசிகனா? சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன், இதில் என்ன தியாகம்? என் நண்பர் ஒருத்தர் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஹ்யூம் ஹைவேயில் கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் காரோட்டிப் போனார். கிராண்ட் ஃபைனல் வாரம் மெல்போர்னில் ரூம் வாடகை எப்படி ஏறும் என்று போனவர்களுக்குத் தெரியும். டிக்கெட், ரூம், பெட்ரோல், நாலு ஸ்கார்ஃப். அவர் மூன்றாவது குவாட்டர் முடிந்ததும் எழுந்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு, திரும்பி வரும் வழியில் கண்டகாய் ஊர் பெட்ரோல் பங்கிலிருந்து என் மனைவி போனுக்குக் கூப்பிட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சின்னவன் சாஸேஜ் ரோல் சாப்பிட்டான், பெரியவன் வேண்டாம்னுட்டான்" என்றார். அவ்வளவுதான். இவர் மெம்பர்ஷிப்பையா பிடுங்கப் போகிறீர்கள்?

எழுந்து போனவனைத் திட்டுவது எதற்கு என்றால், திட்ட வேண்டிய இடத்தில் திட்டத் தெம்பில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

2022 கிராண்ட் ஃபைனலில் நம் ஆட்டக்காரர் சாம் ரீட் காயத்தோடு இறங்கினார், ஆட்டம் முடியும் வரை நிற்க முடியாமல் வெளியே வந்தார். 81-ல் தோற்றோம். பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தோம். இந்த வருஷம் கணுக்கால் சரியில்லாத லோகன் மெக்டொனால்டை இறக்கினார்கள், அவரும் நடுவிலேயே வெளியே. அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 22 வயதில் கிராண்ட் ஃபைனல் ஆடுகிறாயா என்று கேட்டால் ஒற்றைக் காலில் நின்றுகொண்டாவது ஆடுகிறேன் என்றுதான் எவனும் சொல்வான். வேண்டாம் தம்பி என்று சொல்வதற்குத்தானே செலக்‌ஷன் கமிட்டி என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள்? கேப்டன் கேலம் மில்ஸ் தொடைத் தசைப் பிடிப்பால் வெளியே இருந்தார், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்குச் செய்திருக்கலாம். இரண்டே வருஷத்தில் அதே சூதாட்டம், அதே முடிவு.

கோச் லாங்மையர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2012 கோப்பை அவர் கொடுத்தது. வருஷா வருஷம் ஃபைனல்ஸ் (சீசன் முடிவில் முன்னணி டீம்கள் மட்டும் ஆடும் சுற்று) பக்கம் டீமைக் கொண்டுவந்து நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை, வேறு பல கிளப்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் நாலு தோல்வியும் அவர் காலத்தில்தான். அடி விழ ஆரம்பித்ததும் டீம் அப்படியே உறைந்துபோவதை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். மாற்று வழி என்று ஒன்று கையில் இருந்த மாதிரியே தெரியவில்லை. இத்தனைக்கும் பிரிஸ்பேன் 5-வது இடத்திலிருந்து வந்தவர்கள், ஃபைனல்ஸில் ஓய்வே இல்லாமல் தொடர்ந்து நாலு வாரம் ஆடியவர்கள், சிட்னியின் இன்னொரு டீமான ஜி.டபிள்யூ.எஸ்.ஸிடம் 44 பாயின்ட் பின்னால் கிடந்து எழுந்து வந்தவர்கள். நடுவில் ஒரு வாரம் ஓய்வெடுத்தது நாம். மூச்சு வாங்கியதும் நாம்.

ஆகஸ்டில் போர்ட் அடிலெய்டிடம் 112 பாயின்ட்டில் தோற்றபோதே ஏதோ சரியில்லை என்று இதே குழுக்களில் எழுதினோம். "முதல் 14 ஆட்டத்தில் 13 ஜெயிச்ச டீம்யா இது, சும்மா இரு" என்று வாயை அடைத்தார்கள். சும்மா இருந்தோம்.

இன்னொன்று. நம் ஆட்டக்காரர்கள் ஹீனி, வார்னர், குல்டன் இவர்களின் இன்ஸ்டா பக்கத்தில் போய் வாய்க்கு வந்ததை எழுதுகிறவர்களைப் பார்த்தேன், ப்ரொஃபைலில் நம் கொடியை வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். நமக்காக ஆடிய பழங்குடி ஆட்டக்காரர் ஆடம் குட்ஸை மறந்துவிட்டீர்களா? சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ மெடலை இரண்டு தடவை வாங்கிய மனுஷனைப் பந்தைத் தொட்டாலே ஊளையிட்டு, 2015-ல் வழியனுப்பு விழாவுக்குக்கூட வராமல் போக வைத்தார்கள். செய்தது மற்ற டீம்காரர்கள், நாம் அன்றைக்கு எவ்வளவு கொதித்தோம். அந்த ஊளைச் சத்தம் கேட்ட டீமின் ரசிகன் இன்னொரு ஆட்டக்காரனுக்கு அதைச் செய்யலாமா? கோச்சைத் திட்டுங்கள், போர்டுக்கு மெயில் போடுங்கள், நான் போட்டிருக்கிறேன்.

மெல்போர்னில் இருக்கும் என் மச்சினன் காலிங்வுட் டீமின் ரசிகன். போனை நிமிர்த்தியதும் முதலில் கண்ணில் பட்டது அவன் மெசேஜ்தான். "போன வருஷம் பிரிஸ்பேன் எங்ககிட்ட 4 பாயின்ட்ல தோத்தான், இந்த வருஷம் கப்பைத் தூக்கிட்டான். நீங்க 81-ல தோத்தீங்க, ரெண்டு வருஷம் உட்கார்ந்து யோசிச்சு 60-க்குக் கொண்டு வந்திருக்கீங்க. 21 பாயின்ட் முன்னேற்றம் அத்தான், வாழ்த்துகள்." பதில் போடவில்லை. போட ஒன்றும் இல்லை, அவன் சொன்னது அத்தனையும் சரி.

அவனுக்காவது ஃபூட்டி தெரியும், வம்பிழுக்கிறான். சிட்னியில் அதுவும் இல்லை. இது ரக்பி லீக் ஊர். அதிலும் நாங்கள் இருக்கும் மேற்குப் பக்கத்தில் ஸ்வான்ஸ் என்றால் "அது கிழக்குப் பக்கத்துக் காசுக்காரங்க டீம் இல்லையா" என்பார்கள். இன்றைக்குப் பாரமட்டாவில் ஆபீஸுக்குப் போனேன். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆட்டம் நடந்ததே தெரியாது. துக்கம் விசாரிக்க ஆள் இல்லாத துக்கம். ஒரே ஒருத்தர், பாரமட்டாவின் ரக்பி லீக் டீமான ஈல்ஸின் வயதான ரசிகர், என் மேஜையில் ஒரு காபியை வைத்துவிட்டு, "1986" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஈல்ஸ் கடைசியாக ஜெயித்த வருஷம். 2022-ல் நாங்கள் தோற்ற அடுத்த வாரமே அவர்களும் ரக்பி லீக் கிராண்ட் ஃபைனலில் பென்ரித் டீமிடம் தோற்றார்கள், அப்போது நான்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பென்ரித் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டு சமோவாக்காரர் பென்ரித் பைத்தியம். சனிக்கிழமை ராத்திரி, எங்கள் வீட்டில் மிஞ்சிய மாவை மனைவி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டிருக்கிறாள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல், பாட்டு. பென்ரித் க்ரோனுல்லாவை அடித்துவிட்டு கிராண்ட் ஃபைனலுக்குப் போய்விட்டது. மூன்று கோப்பை ஏற்கெனவே வரிசையாக வாங்கியாகிவிட்டது, வருகிற ஞாயிறு நாலாவதுக்கு ஆடப் போகிறார்கள், எதிரே மெல்போர்ன் ஸ்டார்ம். அங்கே வரிசையாக நாலாவது வெற்றிக்குக் காத்திருக்கிறார்கள், இங்கே வரிசையாக நாலாவது தோல்வி, நடுவில் ஆறடி வேலி.

நேற்றுக் காலையில் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கும்போது அவர் பார்த்தார். ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. "ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட வாங்க, பார்பிக்யூ போடுறோம். ஜெயிக்கிறது எப்படி இருக்கும்னு பொண்ணும் ஒரு தடவை பாக்கட்டும்" என்றார். நல்ல மனுஷன், மனசார சொன்னார்.

போகலாம் என்றுதான் இருக்கிறேன். மகள் வரமாட்டேன் என்கிறாள்.